திருகின்மேல் ஒரு கை

அறிவு வளர வளர அன்பு தேயும் என்கின்றனர். கேள்வி கேட்டுப் பழகிய நெஞ்சில் ஈரம் இராது என்கின்றனர். மேலே ஒருவன் பார்க்கிறான் என்ற அச்சத்தை அகற்றிவிட்டால் மனிதன் கையை எது தடுக்கும் என்று வினவுகின்றனர். கைதட்டல் பெறும் வாதந்தான்! கேட்டவுடன் சினந்து எழும் இளைஞர்களை நாம் அறிவோம். சினம் வேண்டா தோழர்களே! குற்றச்சாட்டில் ஒரு துளியேனும் உண்மை உண்டா என்று பார்ப்பதல்லவா நம் முறை? அதைப் பார்ப்பதற்கு ஏடுகளைப் புரட்டுவதைவிட ஓர் ஓவியத்தின் முன் சற்று நிற்பது நல்லது என்று கருதுகிறோம்.

இலண்டன் மாநகரின் தேசிய ஓவியக்கூடத்தில் 1863 முதல் இருக்கிறது அவ்வோவியம். கித்தானில் எண்ணெய் வண்ணங் கொண்டு தீட்டப்பட்டது. உயரம் 6 அடி, அகலம் 8 அடி. தீட்டியவர் ஜோசப் ரைட். இங்கிலாந்தின் டார்பி நகரத்தார். ஆண்டு 1768. காற்றிறைக்கும் பொறியில் ஒரு பறவையை வைத்துச் சோதிப்பதே அதன் பொருள், பெயரும் அதுவே.

இரவு. ஓர் அறை. மேசையைச் சூழப் பத்துப்பேர். நடுவே காற்றிறைக்கும் பொறி. பொறியின் உச்சியில் கண்ணாடிக் குடுவை. குடுவைக்குள் ஒரு வெள்ளைக் கொண்டைக்கிளி. உள்ளிருந்த காற்று உறிஞ்சப்பட்டுவிட்டது. கிளி அடியில் சரிந்து கிடக்கிறது. ஒரு சிறகு மட்டும் விரிந்திருக்கிறது. பொறிக்குப் பின்னால், நீண்ட நரைமுடியும் சிவந்த அங்கியுமாக நிற்கிறார் சோதனை காட்டுபவர். அவருடைய ஒரு கை குடுவையின் மேலுள்ள திருகின்மேல் இருக்கிறது. திருகைத் திறந்தால் காற்று புகும், கிளி பிழைக்கும். திறக்காவிட்டால்? அந்த நொடியில் நிறுத்திவிட்டார் ரைட்.

முதலில் ஒளியைப் பாருங்கள். அறையில் விளக்கு ஒன்றே; மேசைமேல் எரியும் ஒற்றை மெழுகுவத்தி. அதையும் நாம் நேரே காண இயலாது. கலங்கிய நீர் நிறைந்த ஒரு கண்ணாடிக் கலம் அதை மறைத்து நிற்கிறது. கலத்துக்குள் மிதப்பது பழுதுற்ற மண்டையோடு என்பர் பலர். ஆக, சாவின் எலும்பினூடே கசிந்து வந்துதான் ஒளி அங்குள்ள முகங்களைத் தொடுகிறது! கீழிருந்து மேலாகப் பாயும் ஒளி அது. ஆகவே கன்னங்களும் நெற்றிகளும் கண்ணிமைகளின் அடியும் சுடர்கின்றன. முதுகுகள் இருளில் கரைகின்றன. ஒளிக்கு அருகிலிருப்பவரின் உள்ளம் முழுதும் வெளியே தெரிகிறது. தொலைவிலிருப்பவர் பாதி மனிதராகவே தெரிகின்றனர்.

இந்த வித்தை ரைட் கண்டுபிடித்ததன்று. இத்தாலியில் கரவாஜியோவும், அவர் வழியில் ஹாலந்தில் ஹோந்தோர்ஸ்டும் இருளை அடித்தளமாக்கி ஒளியைச் செதுக்கியவர்கள். அதிலும் கிறித்துப் பிறப்பைத் தீட்டியவர்கள், கொட்டிலில் கிடக்கும் குழந்தையையே விளக்காக்கினர். குழந்தையின் மேனியிலிருந்து ஒளி கிளம்பி, குனிந்து நோக்கும் தாயின் முகத்தையும் இடையர் முகங்களையும் நனைக்கும். ரைட் என்ன செய்தார்? அதே வட்டத்தை, அதே வியப்பை, அதே ஒளியை எடுத்தார். குழந்தை கிடந்த இடத்தில் ஆய்வுக் கருவியை வைத்தார். இரண்டாண்டுகளுக்கு முன், 1766-இல், கோள்களின் இயக்கத்தைக் காட்டும் பொறியைச் சுற்றி மக்கள் நிற்கும் ஓவியத்திலும் இதையே செய்தார். அங்கே விளக்கு கதிரவனின் இடத்தில் நின்றது. சமயத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த பெருமையை அறிவியலுக்கு அள்ளிக் கொடுத்த தூரிகை அது. நாம் மகிழ வேண்டியதுதான். எனினும், முழுதும் மகிழ விடவில்லை அவர்!

எண்ணெய் வண்ணம் மெல்ல உலரும். நீர் வண்ணம்போல் விரைந்து காய்ந்து கோடு விழாது. ஆதலால் ஒளி எங்கே முடிந்தது, நிழல் எங்கே தொடங்கியது என்று கண் கண்டுபிடிக்க இயலாதபடி குழைக்கலாம்; காய்ந்த வண்ணத்தின்மேல் கண்ணாடிபோல் மெல்லிய வண்ணத்தைப் படரவிட்டு, உள்ளிருந்து சுடர்வதுபோல் காட்டலாம். தம் மெழுகுவத்திக் காட்சிகளுக்கென ரைட் உயரமான மடக்குத் தட்டிகளை அமைத்து, உட்புறம் கறுப்பு பூசி, ஒரு பகுதியில் பொருளையும் விளக்கையும் வைத்து, மற்றொரு பகுதியில் தாம் நின்று தீட்டினார் என்று அவருடைய உடன்பிறந்தார் மகள் எழுதிவைத்திருக்கிறார். ஒளியை வருணிப்பதோடு நிற்கவில்லை அவர், சோதித்துப் பார்த்தார். தீட்டிய முறையும் தீட்டிய பொருளும் ஒன்றாயிருந்தன!

இனி முகங்கள். இடப்புறம் இளங்காதலர் இருவர். அவர்களுக்குக் கிளியுமில்லை, பொறியுமில்லை. ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டிருக்கின்றனர். உலகில் எது நடந்தாலும் தம் வட்டத்துக்குள் நடக்கவில்லை என்றால் நடக்கவே இல்லை என்று வாழ்பவர்கள். அவர்களைக் கொடியவர் எனச் சொல்ல மாட்டோம். ஆனால் கொடியவர்க்கு இத்தகையோரால் இடைஞ்சலே இல்லை! அவர்களுக்குக் கீழே ஒருவர் கடிகாரத்தைக் கையில் வைத்து நேரம் பார்க்கிறார். அவருக்குப் பறவை ஓர் எண். பக்கத்தில் ஒரு சிறுவன் ஆவலோடு நோக்குகிறான். வலப்புறம் முதியவர் ஒருவர் கோலை ஊன்றி அமர்ந்து, கிளியை விட்டுவிட்டு மேசையிலுள்ள கலத்தையே உற்று நோக்குகிறார். தம் சாவைப் பற்றிய சிந்தனைபோலும்! தத்துவம் பேசுவோர் பலர் இப்படித்தான். கண்ணெதிரே ஓர் உயிர் துடிக்கும்போது நிலையாமையை எண்ணிக் கொண்டிருப்பர்.

அடுத்து, சிறுமியர் இருவர். மூத்தவள் கையால் கண்களை மூடிக்கொண்டாள். இளையவள் மூடவில்லை. அஞ்சுகிறாள், வருந்துகிறாள், ஆனால் பார்க்கிறாள். இருவரையும் அணைத்தபடி ஒரு பெரியவர் மேலே கிளியைச் சுட்டி ஏதோ விளக்குகிறார். அழாதே, இது இயற்கை என்கிறாரோ. அஞ்சாதே, பிழைத்துக்கொள்ளும் என்கிறாரோ! எதுவாயினும், விளக்கம் அவர்களுக்குத்தான். திருகைப் பிடித்திருப்பவரிடம் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. பெண்ணின் கண்ணீரைத் துடைக்க வேண்டிய ஈரமாக எண்ணுகிறார்கள். கேட்க வேண்டிய வாதமாக எண்ணவில்லை. அந்த அறையில் அறிவுக்கு அழைப்புப் பெற்றவர்கள் ஆடவர்; அழுவதற்கு மட்டும் உரிமை பெற்றவர்கள் அச்சிறுமியர்.

இங்கே ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. ஜெர்மானியரான கெரிக் காற்றிறைக்கும் பொறியை உருவாக்கியதை அறிந்து, ஹூக்கின் துணையோடு அதைத் திருத்தியமைத்தவர் இராபர்ட் பாயில். தம் சோதனைகளை 1660-இல் நூலாக வெளியிட்டார். பறவையொன்றைக் குடுவையில் அடைத்துக் காற்றை இறைத்தபோது, உடனிருந்த பெருமாட்டிகள் சிலர் இரங்கினர், அவர்கள் பொருட்டு விரைந்து காற்றை உள்ளே விட்டார், பறவை பிழைத்தது. இதைப் பாயிலே எழுதியிருக்கிறார். அடுத்து அவர் எழுதியிருப்பதுதான் நம்மை நிறுத்துகிறது. மற்றொரு முறை, இடையூறு வேண்டா என்று துணிந்து, இரவு நேரத்தில் அச்சோதனையை நடத்தினாராம்! பாயில் கடவுளை மறுத்தவர் அல்லர், ஆழ்ந்த பக்தியுடையவர். ஆகவே, இறைநம்பிக்கை குறைவதால் கை கொடிதாகிறது என்போர் இந்த ஏட்டை ஒருமுறை புரட்டட்டும். இரக்கம் அங்கே இடையூறு எனக் கணக்கில் எழுதப்பட்டது. எழுதிய கை தொழுத கையே.

எனினும் பாயிலுக்காகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. 1660-இல் அது உண்மையான வினா. காற்று இல்லாவிடில் உயிர் என்ன ஆகும் என்று உறுதியாக யாரும் அறிந்திருக்கவில்லை. ரைட் தீட்டியது 1768. நூற்றெட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன! குடுவையிலுள்ள பறவை சாகும் என்பது அறிந்தோர் அனைவரும் அறிந்தது. அப்படியானால் அந்த அறையில் நடப்பது என்ன? சோதனையா? இல்லை, காட்சி! அந்நாளில் ஊர்ஊராகச் சென்று கருவிகளைக் காட்டி உரையாற்றிய அறிவியல் சொற்பொழிவாளர்கள் இருந்தனர். அவர்களுள் புகழ்பெற்ற ஜேம்ஸ் பெர்குசன், உயிருள்ள விலங்கை வைத்துக் காட்டுவது சிறிதளவேனும் மனிதத்தன்மை உள்ளோர்க்கு அதிர்ச்சி தருவதாகும் என்று கருதி, அதற்குப் பதிலாகக் குடுவைக்குள் ஒரு தோற்பையை வைத்துக் காற்றின் வேலையைக் காட்டலாம் என எழுதினார். ஆக, வேறு வழி இருந்தது. பாடத்துக்குக் கிளி தேவைப்படவில்லை. கூட்டத்தின் பெருமூச்சுக்குத்தான் தேவைப்பட்டது.

இப்போது மீண்டும் அந்த மனிதரைப் பாருங்கள். தோளில் புரளும் முடி, நெடிய அங்கி, வட்டமாகக் குழுமிய கூட்டம், எதிரே ஓர் உயிர், உயிரைக் கொடுக்கவும் எடுக்கவும் வல்லதாக உயர்ந்த கை! இவரை எங்கே பார்த்திருக்கிறோம்? பலிபீடத்தின் அருகே பார்த்திருக்கிறோம். ரைட்டின் கூர்மை இதுதான். பூசாரியின் இடத்தில் அறிவியலை அமர்த்தினார். அமர்ந்தவுடன் அறிவியலுக்குப் பூசாரியின் முகம் வந்துவிட்டதையும் மறைக்காமல் காட்டினார். வினா இறந்தபின்னும் தொடரும் செயலுக்குச் சடங்கு என்று பெயர். அதைக் கோயிலில் செய்தாலென்ன, ஆய்வுக்கூடத்தில் செய்தாலென்ன?

வினா இறந்துவிட்டதா, அவர்கள் கேட்கவில்லையா? மேசையில் மெழுகுவத்தி எரிகிறது; மேலே பறவை மூச்சுக்குத் திணறுகிறது. இரண்டுக்கும் உறவு உண்டா என்று அந்த அறையில் எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1771-இல், பிரீஸ்ட்லி கேட்டார். மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றில் புதினாக் கொழுந்தை வைத்தார். நாட்கள் கழிந்தபின் அதே காற்றில் மெழுகுவத்தி மீண்டும் எரியக் கண்டார். பின்னர் இலவாய்சியர், மூச்சும் ஒருவகை எரிதலே என்று நிறுவினார். விளக்கும் கிளியும் உண்பது ஒரே உணவு! பிரீஸ்ட்லியும் எலிகளைக் குடுவையில் அடைத்தவர்தான். அவரை நாம் தூயவராக்கவில்லை. ஆனால் அவர் அறியாததை அறியச் சென்றார். ரைட்டின் அங்கிக்காரர் அறிந்ததைக் கொண்டு வியப்பூட்டுகிறார். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர்தாம் அறிவின்மேல் பழி போடுகின்றனர்.

இன்னொன்று. கொண்டைக்கிளி அந்நாளில் இங்கிலாந்தில் அரிய பறவை, விலையுயர்ந்த பறவை. அதை இதற்குப் பலியிடுவார் யார்? முன்னோட்டமாக ரைட் வரைந்த வண்ணப் படிவத்தில் இருந்தது சாதாரணச் சிறு பறவையே. பின்னர் மாற்றினார். இருளுக்கு நடுவே வெண்மை வேண்டும், விரிந்த பெருஞ்சிறகு வேண்டும் என்பது ஓவியக் காரணம். ஆனால் விளைவு அதனினும் பெரிது. சிட்டுக்குருவியாயிருந்தால் போகட்டும் என்றிருப்போம்! விலையுயர்ந்ததற்கு மட்டும் இரங்கும் நம் வழக்கத்தையும் சேர்த்துப் பிடித்துவிட்டார் ஓவியர்.

மேலே ஒருவன் பார்க்காவிட்டால் கையை எது தடுக்கும் என்றல்லவா கேட்டனர்? ஓவியத்தில் மேலே இருப்பது குடுவை மட்டுமே. கூரை இருளாயிருக்கிறது. அங்கிருந்து எந்தக் கையும் இறங்கித் திருகைத் திறக்கப் போவதில்லை. திறக்க வேண்டுமானால் அந்தப் பத்துப்பேரில் ஒருவர் வாய்திறக்க வேண்டும். அங்கிக்காரரோ அவர்களைப் பார்க்கவே இல்லை. ஒரு கை திருகின்மேலிருக்க, மறு கையை நீட்டி, ஓவியத்துக்கு வெளியே நிற்கும் நம்மை நோக்குகிறார். அவையோரின் வட்டத்தில் நம் பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. பதினோராவது இடம் நமக்கு. சொல், என்ன செய்யட்டும் என்பதுபோல் இருக்கிறது அந்தப் பார்வை. தடுக்கும் வலிமை அச்சத்துக்கு இல்லை; அங்கே அஞ்சுகிறவர்கள் சிறுமியர் மட்டுமே, அவர்களிடம் திருகும் இல்லை. பார்த்த கண்ணை மூடாமலும், பார்த்ததனால் நெஞ்சைக் கல்லாக்காமலும் நிற்கிறாளே இளையவள், அவளுக்குப் பேசும் உரிமை இருந்திருந்தால் போதும்! அறிவும் அன்பும் அவளிடத்தில் சண்டையிடவில்லை. ஒரே மெழுகுவத்தியில்தான் அவள் கிளியையும் காண்கிறாள், அதற்காகக் கலங்கவும் செய்கிறாள்.

வலப்புறச் சாளரத்தில் முழுநிலவு, மேகத்தினூடே. அதன் வெளிறிய ஒளியில் ஒரு சிறுவன் கயிற்றைப் பிடித்து நிற்கிறான். கயிற்றில் தொங்குவது கிளியின் கூண்டு. வகுப்பில் மாணவர்க்கு இவ்வோவியத்தின் படியைக் காட்டும்போதெல்லாம் வேறெதையும்விட இவனைப் பற்றியே நம்மிடம் கேட்கின்றனர். கிளி பிழைத்து வரும் என்று கூண்டை இறக்குகிறானா? இனித் தேவையில்லை என்று மேலே ஏற்றிக் கட்டுகிறானா? எத்தனை முறை உற்று நோக்கினாலும் தெரியவில்லை. அவன் தலையைத் திருப்பி அங்கிக்காரரைப் பார்த்துக் கொண்டிருக்கிறான். கயிறு அவன் கையில் இருக்கிறது. முதியவர் நிமிரவில்லை, காதலர் திரும்பவில்லை, கடிகாரக்காரர் நொடிகளை எண்ணிக் கொண்டிருக்கிறார்.