கிண்ணத்தின் அடியில்

சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் ஒரு பெரிய பீங்கான் கிண்ணம் இருக்கிறது. விருந்துக்கு மது கலக்கும் கிண்ணம். 1818ஆம் ஆண்டளவில் சீனாவில் செய்யப்பட்டது. வெளிப்புறத்தில் சிட்னித் துறைமுகம். உள்ளே, அடியில், இந்த மண்ணின் பூர்வகுடிகள். வரைந்தவர் சிட்னியைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. கொடுத்த மாதிரியைப் பார்த்தே வரைந்திருப்பார்.

காணாததை வரைவது பொய்யா? இல்லை. எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற பொறுப்பு மாதிரி கொடுத்தவருடையது.

இங்கு பிறந்த எங்கள் பிள்ளைகளும் காணாத யாழ்ப்பாணத்தை வரைகிறார்கள். மாதிரி, எங்கள் வாய்ச்சொல். பனை, கிணறு, கோவில் வீதி எல்லாம் சொல்கிறோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களைச் சொல்கிறோமா?

மது நிறைந்திருக்கும்வரை அடியிலுள்ள மனிதர்கள் தெரிவதில்லை. எங்கள் ஏக்கமும் அப்படித்தான். ஏக்கம் உண்மையானது, அது மறைப்பதற்கும் நாங்களே பொறுப்பு.