ஒரு பாட்டில் பெட்ரோலும் அடியார்களின் ஹக்கும்

ரமலானின் ஓர் இரவு. தாம்பரத்தை அடுத்த ஒரு மொஹல்லாவில் தராவீஹ் தொழுகை முடிந்து வெளியே வந்தவர்களில் மூவர், மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்தும் வண்டி கிளம்பவில்லை. டேங்கைத் திறந்து ஆட்டிப் பார்த்தால் சொட்டு இல்லை. கீழே மண்ணில் ஈரமும் வாடையும் மட்டும் இருந்தன. மறுநாளும் அப்படியே. மூன்றாம் இரவு ஆள் பிடிபட்டான். பதினாறு வயதுப் பையன். கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அதில் பாதிக்குச் சற்று மேல் பெட்ரோல். சற்று முன்வரை ஸஃபில் தோளோடு தோள் சேர்த்து நின்றவர்களே அவனைச் சூழ்ந்து அடித்தார்கள். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தமான பிறகுதான் பேஷ் இமாம் ஹஸ்ரத் அவர்கள் ஓடிவந்து, கூட்டத்தை விலக்கி, அவனைப் பள்ளியின் உள்ளே அழைத்துச் சென்றார்கள். நாமும் அங்கேதான் நின்றோம். அடித்தவர்களில் நாம் இல்லை. ஆனால் தடுத்தவர்களிலும் நாம் இல்லை.

அன்றிரவு ஸஹர் நேரம் வரை பள்ளியில் எழுந்த கேள்விகள் பல. அவற்றை வாசகர்கள் முன் வைப்பது அவசியம் என்று கருதுகிறோம். ஏனெனில் இது ஒரு மொஹல்லாவின் கதை அல்ல. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இப்பகுதி மக்களின் வாழ்வு ரயிலடியைச் சுற்றியே அமைந்துவிட்டது. விடியற்காலையில் வண்டியை நிலையத்தருகே விட்டுவிட்டுப் போகிறவர் இரவில்தான் திரும்புகிறார். பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், முடிச்சூர் என்று எங்கு பார்த்தாலும் வீடு சிறிது, வாகனம் இரண்டு. நிறுத்தத் தெருவைத் தவிர இடம் இல்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது, வெள்ளத்துக்கு அஞ்சியவர்கள் வேளச்சேரி மேம்பாலத்தின் மீது கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு வந்ததைப் பத்திரிகைகளில் பார்த்தோம். வீட்டைவிடப் பாலமே பத்திரம் என்று ஆகிவிட்ட ஊர் இது! இன்னொரு பக்கம், 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டியது. நூறு ரூபாய்ப் பொருள் தெருவில் காவலின்றி நிற்கிறது. அதை எடுக்க ஒரு குழாயைப் பிடுங்கினால் போதும் என்றால், ஷைத்தானுக்கு அதிக வேலை இல்லை.

"அரை லிட்டர் பெட்ரோல்தானே! இதற்கா இவ்வளவு?" என்றார் ஒரு பெரியவர். இரக்கத்தால் சொன்னார் என்பதில் ஐயமில்லை. என்றாலும் மார்க்கம் அப்படிப் பார்ப்பதில்லை. அல்லாஹ்வுக்கு நாம் செலுத்த வேண்டிய கடமையில் குறை வைத்தால் அவன் மன்னிக்கப் போதுமானவன். அடியாருக்குச் செலுத்த வேண்டிய ஹக்கை அந்த அடியாரே விட்டுக்கொடுத்தாலன்றித் தீர்வு கிடையாது. தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் மலைபோல் கொண்டுவந்தும், பிறர் பொருளைத் தின்றதற்காகவும் பிறரை அடித்ததற்காகவும் அந்த நன்மைகளையெல்லாம் உரியவர்களிடம் இழந்து நிற்கும் ஓட்டாண்டியைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு எச்சரித்திருக்கிறார்கள். பொருளைத் தின்றவரையும் அடித்தவரையும் அவர்கள் ஒரே பேச்சில் சேர்த்திருப்பதை அன்றிரவு ஹஸ்ரத் அவர்கள் எடுத்துக்காட்டியபோது, கைகளைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"கையை வெட்ட வேண்டியவனை அடித்தால் என்ன?" என்று ஓர் இளைஞர் கேட்டார். இது அறியாமையின் கேள்வி. அந்தத் தண்டனை நீதிமன்றத்துக்கு உரியது. தெருவில் நிற்பவருக்கு உரியதல்ல. அதற்குள்ள நிபந்தனைகளைக் கிதாபுகளில் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பொருள் காவலில் இருந்திருக்க வேண்டும். இதனை 'ஹிர்ஸ்' என்பர். ஆளில்லாத பொதுத் தெருவில் விடப்பட்ட பொருள் காவலில் இருந்ததாகக் கொள்ளப்படாது. அடுத்து, பொருளின் மதிப்பு. ஷாஃபிஈ மத்ஹபில் கால் தீனார். அதாவது ஒரு கிராம் தங்கத்துக்குச் சற்று மேல். ஹனஃபி மத்ஹபில் பத்து திர்ஹம் வெள்ளி. இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும், ஒரு மோட்டார் சைக்கிளின் டேங்கை முழுவதும் வடித்தாலும் அந்த அளவை எட்டாது. இதனால் செயல் ஹலாலாகிவிட்டது என்று யாரும் எண்ணிவிடலாகாது. பாவம் அப்படியே இருக்கிறது, திருப்பித் தரும் கடமையும் அப்படியே இருக்கிறது. அந்தத் தண்டனை மட்டும் இல்லை.

ஸஃப்வான் பின் உமய்யா (ரலி) அவர்களின் செய்தியை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். பள்ளியில் மேலாடையைத் தலைக்கு வைத்துத் தூங்கினார்கள். ஒருவன் அதை உருவிக்கொண்டு ஓடினான். பிடித்து நபியவர்களிடம் கொண்டுபோனார்கள். தீர்ப்பு தண்டனை என்றானதும், இதற்காக நான் கொண்டுவரவில்லையே, ஆடையை அவனுக்கே கொடுத்துவிட்டேன் என்று ஸஃப்வான் (ரலி) பதறினார்கள். என்னிடம் கொண்டுவருவதற்கு முன்பே அதைச் செய்திருக்கலாகாதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். மன்னிக்கும் வாசல் வழக்குக்கு முன்பு திறந்திருக்கிறது என்பது இதனால் விளங்கும். பொருளின் சொந்தக்காரர் திறக்க வேண்டிய வாசல் அது; சுற்றி நின்று கை நீட்டியவர்களுக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது.

இனி, அந்தப் பையன் யார்? ஹஸ்ரத் அவர்கள் தண்ணீர் கொடுத்து விசாரித்தார்கள். நம் மொஹல்லாவிலேயே, கடைசிச் சந்தில், எட்டு மாதங்களாக வாடகைக்கு இருக்கும் குடும்பம். தகப்பனார் வெளியூரில், பல மாதங்களாகப் பணம் அனுப்பவில்லை. தாய் வீட்டு வேலைக்குப் போகிறார். ஜமாஅத்தின் ஜகாத் பட்டியலில் அவ்வீட்டின் பெயர் இல்லை. ஏனென்று கேட்டால், "அவர்கள் சந்தா கட்டும் வீடு அல்லவே" என்று பதில் வந்தது. கலீபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் ஹாத்திப் (ரலி) அவர்களின் அடிமைகள், முஸைனா கூட்டத்தார் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துத் தின்றார்கள். தண்டனைக்கு உத்தரவிட்ட உமர் (ரலி), அவர்கள் பட்டினி போடப்பட்டிருந்ததை உணர்ந்து நிறுத்தினார்கள். ஒட்டகத்தின் விலை என்ன என்று உரியவரிடம் கேட்டு, நானூறு திர்ஹத்துக்கும் தரவில்லை என்று அவர் சொன்னதும், எண்ணூறு கொடுக்கும்படி எஜமானருக்கே தீர்ப்பளித்தார்கள். முவத்தாவில் பதிவாகியுள்ள செய்தி இது. பசிக்காகத் திருடுவது ஆகுமானது என்று உமர் (ரலி) சொல்லவில்லை. ஆனால் கணக்கை யாரிடமிருந்து தொடங்கினார்கள் என்பதைப் பாருங்கள்! எட்டு மாதம் ஒரு வீட்டின் அடுப்பை எட்டிப் பார்க்காத ஜமாஅத்தார் அதைக் கேட்டுவிட்டு உடனே எழுந்துபோக முடியவில்லை.

பெட்ரோலை அவன் குடிக்கப் போவதில்லை. யாரோ வாங்குகிறார்கள். லிட்டர் ஐம்பது ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளும் ஆட்கள் இருந்ததாக அவனே சொன்னான். அவர்கள் ஒருவரும் அன்று அடிபடவில்லை! பதினாறு வயதுப் பையன் தண்ணீர் பாட்டிலில் பாதி விலைக்குக் கொண்டுவருவது எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர் உண்டா? தெரிந்து வாங்குவது அந்தப் பாவத்தில் பங்கு வாங்குவதே. கூஃபாவில் ஓர் ஆடு களவுபோன செய்தியைக் கேட்ட இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், ஆடு எத்தனை ஆண்டு உயிர் வாழும் என்று விசாரித்து, ஏழு ஆண்டு என்று அறிந்ததும், அத்தனைக் காலம் ஆட்டிறைச்சியையே தவிர்த்தார்கள் என்று அவர்களின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். நாமோ மலிவு என்றால் மூடியைத் திறந்து காட்டுகிறோம்.

தடுப்பது பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். "எல்லாம் அல்லாஹ்வின் காவல்" என்று சொல்லி வண்டியை இருட்டில் விட்டுவிட்டுப் போவதைச் சிலர் தவக்குல் என்று எண்ணுகிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கும்படியே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. இரவில் கதவைச் சாத்தவும், பாத்திரத்தை மூடவும், விளக்கை அணைக்கவும் சொல்லித் தந்தது நம் மார்க்கம். யஅகூப் (அலை) அவர்கள் தம் மக்களை ஒரே வாசலால் நுழையாமல் வெவ்வேறு வாசல்களால் நுழையச் சொன்னார்கள். அதே மூச்சில், அல்லாஹ்வின் விதியை இதனால் தடுத்துவிட முடியாது என்றும் சொன்னார்கள். வெள்ளிதோறும் கஹ்ஃப் அத்தியாயம் ஓதுகிறவர்களுக்கு ஏழைகளின் கப்பலும் நினைவுக்கு வரும். நல்ல கப்பல்களைப் பறிக்கும் அரசனிடமிருந்து காப்பாற்ற அதில் ஒரு குறையை உண்டாக்கினார்கள் கிள்ர் (அலை). இரவில் தெருவில் நிற்கும் வண்டியில் டேங்கை நிரப்பி வைக்காமல் நாளைக்கு வேண்டியதை மட்டும் வைத்திருக்கிற நம் நண்பர் ஒருவர், தாம் செய்வதும் அதுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

பழைய வண்டிகளில் டேங்குக்கு அடியிலுள்ள டேப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைப் பிடுங்கினால் பெட்ரோல் தானாக இறங்கும். டேப்பை மூடி வைப்பதால் மட்டும் பயனில்லை, மூடியதைத் திறக்க எவனுக்கும் தெரியும். சாவி போட்டுப் பூட்டும் டேப் கடைகளில் கிடைக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் அநேகமாகக் கார்புரேட்டர் இல்லை. டேங்குக்குள்ளேயே பம்பு இருப்பதால் இந்த வழி அவ்வளவு எளிதல்ல. லாரிக்காரர்கள் டீசல் டேங்கின் மூடிக்குப் பூட்டும், வாயினுள் குழாய் நுழையாதபடி வலையும் போடுகிறார்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சுகிறார்களே, அதில் ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பெட்ரோல் நிறைந்த பாட்டிலை வீட்டுக்குள் அடுப்பருகே வைப்பதோ அதைவிடப் பெரிய ஆபத்து. இதைப் பெற்றோர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். கேமரா வைப்பதும் நல்லதே. சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று பெயரிட்டு அதனை ஊக்குவித்தது. ஆனால் அந்தக் கண் எதிர்வீட்டு வாசலையும் ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருக்குமானால், களவைத் தடுக்கப்போய்த் துருவிப் பார்க்கும் பாவத்தில் விழுந்தவர்களாவோம்.

வாகன நிறுத்தங்களில் கட்டணம் வாங்குவோர் சீட்டின் பின்னால் "பொருள்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சிட்டிருப்பார்கள். ஹனஃபி மத்ஹபில், கூலி வாங்கிக்கொண்டு பொருளைக் காப்பவர், தவிர்த்திருக்கக்கூடிய இழப்புக்குப் பொறுப்பாவார். இடத்துக்கு மட்டும் வாடகை வாங்குகிறவருக்கு அந்தப் பொறுப்பு இல்லை. எனவே தாம் வாங்குவது காவலுக்கா, இடத்துக்கா என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொன்னாலும், ஒப்படைக்கப்பட்ட வண்டியிலிருந்து தம் ஆளே வடித்துவிட்டு அந்த அச்சடித்த வரியைக் காட்டினால், அது அமானத்துக்குச் செய்த மோசடி. முதலாளியின் லாரியில் நிரப்பிய டீசலில் ஐந்து லிட்டரை வழியில் விற்றுவிட்டுக் கணக்கில் மைலைக் கூட்டி எழுதும் டிரைவருக்கும் இதுவே. சம்பளம் போதவில்லை என்றால் கேட்க வேண்டும்.

எடுத்ததைத் திருப்புவது எப்படி? பெட்ரோல் அளந்து விற்கும் பொருள். இதுபோன்றவற்றை 'மிஸ்லீ' என்பர். எடுத்த அன்று விலை குறைவாக இருந்தது, அதைத் தந்துவிடுகிறேன் என்று சொல்ல இயலாது. ஒரு லிட்டர் எடுத்தவர் ஒரு லிட்டரே தர வேண்டும். தன்னைக் காட்டிக்கொள்ள வெட்கப்படுகிறவர் மறைவாகக் கொடுத்தாலும் கடமை நீங்கும். உரியவர் யாரென்றே தெரியாவிட்டால் அவருக்காக என்ற எண்ணத்துடன் ஸதகா செய்ய வேண்டும். பின்னர் அவர் வந்து கேட்டால் கொடுக்கவும் வேண்டும். நாட்டுச் சட்டமும் இப்போது ஓரளவு இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவர் அதையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சிறைக்குப் பதில் சமூக சேவையே தண்டனை என்று வைத்திருக்கிறார்கள்.

பையனின் காரியம் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. ஆறு வண்டிகளிலிருந்து எடுத்ததாக ஒப்புக்கொண்டான். நான்கு பேர் விட்டுக்கொடுத்தார்கள். ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை, அது அவருடைய ஹக்கு, யாரும் குறை சொல்லவில்லை. மெக்கானிக் கடையில் அவனுக்கு வேலை கிடைத்ததும் முதல் வாரக் கூலியில் அவருக்கு இரண்டு லிட்டர் போட்டுக் கொடுத்தான். ஆறாவது வண்டிக்காரர் யாரென்று தெரியவில்லை. ஒரு நாள் இரவு மட்டும் வந்து தொழுதுவிட்டுப் போன வெளியூர்க்காரராக இருக்கலாம். அவர் பேரில் ஒரு லிட்டருக்கான தொகை பள்ளியில் தனி உறையில் வைக்கப்பட்டிருக்கிறது. கடைசிச் சந்தின் அந்த வீடு ஜகாத் பட்டியலில் ஏறியது. அடித்தவர்களில் இருவர் பையனின் வீட்டுக்குப் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டு வந்தார்கள். மற்றவர்கள் இன்னும் போகவில்லை. வாய் மூடி நின்றவர்கள் போக வேண்டுமா என்று ஹஸ்ரத் அவர்களிடம் கேட்டோம். "கேட்கத் தோன்றியதல்லவா, போய் வாருங்கள்" என்றார்கள்.