இலை தாங்கும் காலம்

ஏப்ரல்

மேல்வீட்டுக் காகூ (மராத்தியில் சித்தி) பெங்களூருக்கு, மகனிடம் போகிறார். வீட்டைக் காலி செய்யும் அவசரத்திலும் ஒரு செடியைக் கையில் ஏந்திப் படியிறங்கி வந்தார். ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட். யாரோ பரிசாகக் கொடுத்தது. “இதுக்கு வேரே இல்லை, பாரு. ஆனா குப்பையில போட மனசு வரலை” என்றார்.

வேரைச் சுற்றி அடைத்திருந்த பாசியை விலக்கிப் பார்த்தேன். எல்லா வேரும் பழுப்பு. விரலால் உருவினால் மேலுறை கழன்று வந்துவிடுகிறது. உள்ளே கம்பி மாதிரி ஒரு நரம்பு மட்டும் நிற்கிறது. வேர் போன செடியில் முதலில் தண்டின் அடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது கெட்டியாக இருந்தது. நான்கு இலைகள், சுருங்கித் தொங்கினாலும் பச்சை மாறவில்லை. நடுக்குருத்தில் கறுப்பு ஏறவில்லை. புதிய வேர் இலையடிக் கணுக்களிலிருந்துதான் வரும். கணுவும் குருத்தும் நன்றாக இருக்கும்வரை செடி உயிரோடிருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்.

அழுகியதை வெட்டினேன். கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மறுபடி துடைத்து. வெட்டிய வாயில் மட்டும் கொஞ்சம் லவங்கப்பட்டைத் தூள். பூஞ்சையைத் தடுக்கும் என்பதற்காக வைப்பது. ஆனால் ஈரத்தையும் உறிஞ்சிவிடும், நல்ல வேரில் பட்டால் அதையும் காய வைக்கும். அடியிலை மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. அதைப் பிய்க்கவில்லை. மஞ்சளாகும் இலை தன்னிடமுள்ள சத்தை மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த வேலை முடிந்ததும் தானே விழும்.

அதே வாரம்

தண்ணீர் அதிகமாகி அழுகிவிட்டது என்பார்கள். காற்று இல்லாமல் அழுகியது என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஃபலனாப்சிஸ் தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மரங்களைப் பற்றி வளர்வது. ஜாவாவில் பணியாற்றிய தாவரவியலாளர் கார்ல் ப்ளூமே 1825-இல் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். அதன் வேரைச் சுற்றி வெலமென் என்ற உறை இருக்கிறது. முதிர்ந்த வெலமென் முழுக்க இறந்த செல்கள். காய்ந்திருக்கும்போது அந்த வெற்றறைகளில் காற்று நிறைந்து வேர் வெள்ளிநிறமாகத் தெரியும். மழை பட்டதும் சில நொடிகளில் நீர் ஏறி, உள்ளிருக்கும் பச்சை தெரியும். மரத்தில் முதன்முதலாக வழிந்து வரும் நீரில்தான் இலைத்தூசியும் பறவை எச்சமும் கரைந்த சத்து அதிகம். அதைத் தவறவிடாமல் பிடித்துக்கொள்கிறது வெலமென். பிறகு காற்றில் உலர்கிறது.

நனைந்து உலர்ந்து, நனைந்து உலர்ந்து வாழும் இந்த உறுப்பை, அடியில் ஓட்டையில்லாத பீங்கான் ஜாடியில், நெருக்கி அடைத்த பாசிக்குள் வைத்துவிடுகிறோம். வெலமென் உலர்வதே இல்லை. அதற்குள்ளிருக்கும் உயிருள்ள திசுவுக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. திணறிச் செத்த வேரில் பூஞ்சையும் பாக்டீரியாவும் புகுந்துவிடுகின்றன. அதற்கப்புறம் நடப்பதுதான் வேதனை. வேர் போனதால் இலை சுருங்குகிறது. சுருங்கிய இலையைப் பார்த்தவர், பாவம், தாகம் என்று இன்னும் ஊற்றுகிறார். அன்பு மிகுந்த வீடுகளில்தான் ஆர்க்கிட் அதிகம் அழுகுகிறது.

மே

நாங்கள் இருக்கும் புனே கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் கோடையில் வெயில் 38, 40 டிகிரியைத் தொடும். பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். சென்னையாக இருந்தால் கடற்காற்று பாதி வேலையைச் செய்திருக்கும். தக்காணத்துக் காற்று இலையிலிருக்கும் கொஞ்ச நீரையும் கேட்கிறது.

ஆகவே பை. ஒளி புகும் பெரிய பிளாஸ்டிக் பை. அடியில் ஸ்பேக்னம் பாசி, நனைத்துக் கையால் நன்றாகப் பிழிந்தது. செடியின் அடி பாசியைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும் என்று வைத்தேன். பையின் வாயைக் கட்டி, வடக்கு ஜன்னலில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில். அவ்வப்போது திறந்து காற்று மாற்றுகிறேன். உள்ளே ஈரம் நிறைந்திருப்பதால் இலை நீரை இழப்பது குறைகிறது. சிகிச்சை என்பது இவ்வளவுதான்.

இந்தப் பைக்கு ஒரு மூதாதை உண்டு: லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டின் கண்ணாடிப் பெட்டி. 1829 வாக்கில், மூடிய புட்டிக்குள் ஒரு பெரணி தானாக முளைத்து வளர்வதைக் கண்டு அவர் செய்தது. டெவன்ஷயர் கோமகனின் தோட்டத்திலிருந்து ஜான் கிப்சன் என்ற இளைஞர் 1835-இல் இந்தியாவுக்குக் கப்பலேறி, வடகிழக்கின் காசி மலையில் ஆர்க்கிட் திரட்டி, 1837-இல் திரும்பினார். செடிகள் வார்டின் பெட்டிகளில் கடல் கடந்தன. அங்கே அவற்றை ஏற்றுக்கொண்ட தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டனோ, புழுங்கும் கண்ணாடி அறைகளில் ஆர்க்கிட்டுகள் மடிந்துகொண்டிருந்த அந்த நாளில், காற்றோட்டம் வேண்டும் என்று கண்டுகொண்டவர். பயணத்துக்கு மூடிய பெட்டி. ஊர் சேர்ந்தபின் திறந்த ஜன்னல்.

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள்: உரம் வைக்கக் கூடாதா? சர்க்கரைத் தண்ணீர் தெளித்தால் தேறுமாமே? உறிஞ்ச வேர் இல்லாதபோது உரம் உப்பாகத்தான் தங்கும். இலையின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. அதன் வழியே உள்ளே போவது மிகக் கொஞ்சம். சர்க்கரைப் பேச்சு ஒருவேளை ஆய்வகத்திலிருந்து வந்திருக்கலாம். ஆர்க்கிட் விதை தூசியளவுதான், கைச்சேமிப்பு இல்லாமல் பிறப்பது. காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும் என்பதை 1899-இல் பிரான்சின் நோயல் பெர்னார் கண்டறிந்தார். பூஞ்சைக்குப் பதில் சர்க்கரை கலந்த கூழிலேயே முளைக்க வைக்கலாம் என்று 1922-இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் காட்டினார். இன்று கடைகளில் கிடைக்கும் ஃபலனாப்சிஸ் ஏறக்குறைய எல்லாம் ஆய்வகக் கண்ணாடிக் குடுவையில் தொடங்கியவையே. ஆனால் அந்தக் குடுவை கிருமி நீக்கியது. நம் ஜன்னலோரத்தில் சர்க்கரை பூஞ்சைக்குத்தான் போய்ச் சேரும்.

பெர்னாரை நினைக்கும்போது மனம் கொஞ்சம் தெளிகிறது. ஒவ்வொரு ஆர்க்கிட்டும் வேரில்லாத சிறு உருண்டையாகத்தான் வாழ்வைத் தொடங்குகிறது. வேரின்மை இதற்குப் புதிதில்லை.

இப்போது வேலை முழுவதும் இலையின் மேல். இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாக வைத்திருந்து, விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, வெளிச்சத்தில் சர்க்கரை ஆக்குகிறது. அன்னாசியும் சப்பாத்திக்கள்ளியும் இப்படித்தான். நீர் வரும் வழி அறுந்தபின்னும் மாதக்கணக்கில் தாங்குவது இதனால்தான். புதிய வேருக்கு வேண்டியதெல்லாம் இந்த இலைகளிலிருந்தே வரவேண்டும். நான் எதையும் கொடுக்கவில்லை, இழப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். நடு இரவில் விழிப்பு வந்தால், அடுத்த அறையில் அது துளைகளைத் திறந்து வைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அது எனக்கு ஆறுதல்.

ஜூன்

மழை வந்துவிட்டது. பையை முதலில் பாதி திறந்தேன், பிறகு எடுத்தே விட்டேன். இந்த ஊர்க் காற்றே இனி போதும், செப்டம்பர் வரை.

அடியிலையின் கக்கத்தைப் பிளந்துகொண்டு ஒரு வேர் வந்திருக்கிறது. முனை பளபளக்கும் பச்சை; பின்னால் வெலமென் வெள்ளையாகப் படிகிறது. இலைகள் இன்னும் நிமிரவில்லை. நிமிரச் சில மாதம் ஆகும். சில இலைகள் சுருக்கம் மாறாமலே இருந்து, புதிய இலைக்கு வழிவிட்டு உதிரும்.

ஆகஸ்ட்

பக்கவாட்டில் துளையிட்ட மண்சட்டி, கரித்துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு. மட்டையில் உப்பு இருக்கும்; பலமுறை ஊறவைத்து வடித்த பிறகே சட்டிக்குள் போட்டேன். வேர் ஒன்று சட்டியின் சுவரைப் பிடித்துவிட்டது.

டிசம்பர்

இரவில் 10, 12 டிகிரி. 15-க்குக் கீழே இதன் வேர் வளராது; செடியை உள்ளறைக்கு மாற்றினேன். அதற்குள் குளிர் தன் வேலையைச் செய்துவிட்டது. வெப்பம் சில வாரங்கள் 25 டிகிரிக்குக் கீழேயே இருந்தால் ஃபலனாப்சிஸ் பூக்கத் தயாராகும். இலைக்கக்கத்தில் புதிதாக ஒரு முனை. வேர் முனை உருண்டு வழவழப்பாக இருக்கும். இது தட்டையாக, செதில் மூடி, ஒருபக்கம் கூர்ந்திருந்தது. பூத்தண்டு.

வெட்டிவிட்டேன். வெட்டுமுன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பூத்துவிட்டால் தேறிவிட்டது என்று பலரும் நம்புகிறார்கள். நான் ஒப்பமாட்டேன். இரண்டு, மூன்று வேரோடு நிற்கும் செடி இலையில் சேர்த்ததையெல்லாம் பூவில் கொட்டிவிடும். பூ உதிரும்போது செடியும் முடிந்திருக்கும். பூவை அடுத்த குளிருக்குத் தள்ளி வைப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

அடுத்த ஜூன், தாம்ஹிணி

முல்ஷி ஏரியைக் கடந்தால் தாம்ஹிணி மலைவழி. மரங்களில் ஏரிடெஸ் மேக்குலோசா ஆர்க்கிட் பூத்துத் தொங்குகிறது, இளஞ்சிவப்பில் ஊதாப் புள்ளிகளோடு. பிப்ரவரியில் வந்தால் டெண்ட்ரோபியம் பார்பாட்டுலம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுந்தண்டில் வெள்ளையாகப் பூத்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே டீனியோஃபில்லம் என்று ஒன்று உண்டு. அதற்கு இலையே கிடையாது. பட்டையில் ஒட்டிய பச்சை வேர்களே உணவும் ஆக்குகின்றன.

ஒரு கிளையில் ஏரிடெஸின் வேரைக் கிட்டே போய்ப் பார்த்தேன். வேரின் மயிரிழைகள் பட்டையின் வெடிப்புகளில் இறங்கிவிட்டன. இதைப் பிடுங்கினால் வேர் பட்டையோடு நின்றுவிடும். கையில் வருவது காகூ கொடுத்ததைப் போன்ற ஒரு தண்டுதான். 1850-இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் காசி மலையில் ஏழு ஆள் சுமை நீல வாண்டா ஆர்க்கிட்டைச் சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சில. இன்று உலகின் எல்லா ஆர்க்கிட்டுகளும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனாலும் மழைக்கால ஞாயிறுகளில் மலைச்சாலையில் வண்டியை நிறுத்திச் செடி பறிப்பவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் எடுத்துப்போவது பிழைக்காது. மரத்தில் இருப்பதை மரத்திலேயே விட்டுவிடுங்கள்.

காற்றில் முறிந்து விழுந்த கிளையில் ஆர்க்கிட்டைக் கண்டால், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பட்டையிலிருந்து பிரிக்கவும் வேண்டாம். கிளைத்துண்டோடு தூக்கி, பக்கத்து மரத்தில், நீர் தேங்காமல் வழியும் பக்கமாகப் பருத்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஜூனில் கட்டினால், புது வேர் ஓடிப் பட்டையைப் பிடிக்க முழு மழைக்காலமும் அதற்குக் கிடைக்கும்.