அக்னிக்கு எதைக் கொடுப்பது?

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் சாட்டிவிட்டார்கள் என்றால் ஊரில் பாதி வீடுகளில் கவிச்சி நின்றுபோகும். காப்புக் கட்டியவர்கள் மஞ்சள் துணியில் நடமாடுவார்கள். அக்னிச்சட்டி எடுக்கிற அன்றைக்குத் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள கடைத்தெருவில் நின்றால் முகத்தில் அனல் அடிக்கும். சட்டியின் அடியில் சாம்பலோ மணலோ கிடக்கும். அதன்மேல் விறகுச் சிராயும் கற்பூரமும். உள்ளங்கையில் கனமாக வேப்பிலை. கூடவே வருகிற கணவனோ அண்ணன்காரனோ இடுப்பில் சிராய்க்கட்டு வைத்திருப்பார். தீ தணியத் தணிய ஒவ்வொன்றாகப் போட்டு, அதிகமும் ஆகாமல் அணைந்தும் போகாமல் பார்த்துக்கொள்வார். வீட்டு வாசல்களில் நிற்கும் பெண்கள் குடத்துத் தண்ணீரைக் காலில் ஊற்றுவார்கள். ஒரு சட்டி எடுப்பவர்களும் உண்டு, 21 சட்டி எடுப்பவர்களும் உண்டு. இதே பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய மாரியம்மனுக்குப் பூக்குழி இறங்குகிறார்கள்.

யாரும் இதை ஹோமம் என்று சொல்வதில்லை. மந்திரம் கிடையாது, புரோகிதர் கிடையாது. ஆனாலும் விரதம் இருந்து, தீயை ஓர் எல்லைக்குள் நிறுத்தி, அதன் முன்னால் தன்னுடையது ஒன்றை விட்டுக்கொடுக்கிற காரியம் இரண்டிலும் ஒன்றுதான். சட்டி எடுப்பவள் தன் சுகத்தைக் கொடுக்கிறாள், தன் பயத்தைக் கொடுக்கிறாள். சூடு அவள் கையில்தான் ஏறுகிறது. இன்னொருத்தி கையில் சட்டியைக் கொடுத்துவிட்டுத் தன் நேர்த்திக்கடன் தீர்ந்தது என்று எந்தத் தாயும் எங்கள் பக்கத்தில் சொன்னதில்லை.

தீயை வைத்துப் பிழைக்கிற சீமை இது. தீக்கு எதற்காகக் கொடுக்கிறோம், எதைக் கொடுக்கலாம் என்ற கேள்வி மற்ற ஊர்களைவிட இங்கே கொஞ்சம் கூர்மையாகக் குத்துகிறது.

எதற்காக என்று கேட்டால் பல பதில்கள் வரும். புதுவீட்டுக்குக் கணபதி ஹோமம், ஆயுசுக்கு ஆயுஷ்ய ஹோமம், தோஷத்துக்கு நவக்கிரக ஹோமம். சூரியனுக்கு எருக்கு, செவ்வாய்க்குக் கருங்காலி, புதனுக்கு நாயுருவி, குருவுக்கு அரசு, சுக்கிரனுக்கு அத்தி, சனிக்கு வன்னி என்று கிரகத்துக்கு ஒரு சமித்து. கரிசக்காட்டு ஓரத்தில் முளைக்கிற எருக்கும் நாயுருவியும் சூரியனுக்கும் புதனுக்கும் போய்ச் சேர்வதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு. இப்போது இன்னொரு பதிலும் கிளம்பியிருக்கிறது: ஹோமப் புகை காற்றைச் சுத்தப்படுத்துமாம். அதை நான் ஏற்கவில்லை. விறகுப் புகை நெஞ்சுக்கு நல்லதென்று சொல்லி ஒரு பெரிய காரியத்தைச் சின்னதாக்க வேண்டாம். வேள்வியின் பெருமை புகையில் இல்லை.

வேறெங்கே இருக்கிறது? நடக்கிற முறையைக் கவனித்தாலே தெரியும். பழைய வேத வேள்வியில் அரணிக் கட்டையைக் கடைந்து தீ எடுப்பார்கள். குண்டத்துக்கு அளவு உண்டு, வடிவம் உண்டு. தீயைச் சுற்றி நான்கு பக்கமும் தர்ப்பை பரப்பி எல்லை கட்டுவார்கள். ஆகுதியைத் தொடங்கும் முன்பே தீயைச் சுற்றித் தண்ணீர் விடுவார்கள், முடிவிலும் விடுவார்கள். நெய் விடுகிற கரண்டிக்கு அளவு உண்டு. தெற்குப் பக்கத்தில் பிரம்மா என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் வாய் திறக்கமாட்டார். எங்கே பிசகுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. பிசகினால் அதற்குப் பிராயச்சித்த ஆகுதி. தெரிந்து செய்த குற்றத்துக்கும் தெரியாமல் செய்த குற்றத்துக்கும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுத்தான் பூர்ணாகுதிக்கே போவார்கள். தீ தேவர்களுக்குக் கொண்டுசெல்லும் தூதன்தான். ஆனாலும் அவனை நம்பி ஒரு கணம்கூடக் கண்ணை எடுப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்காக வேள்வியோ அந்த யஜமானன் அங்கே உட்கார்ந்தாக வேண்டும், மனைவியோடு. ஒவ்வொரு ஆகுதி விழும்போதும் இது இந்தத் தேவதைக்கு, இனி என்னுடையதில்லை என்று சொல்லி விட வேண்டும். முன்னே அது அவனுடையதாக இருந்தால்தானே அப்படிச் சொல்ல முடியும்?

இந்த இடத்தில் எனக்குக் கடோபநிடதக் கதைதான் நினைவுக்கு வருகிறது. வாஜசிரவஸ் என்பவர் உள்ளதையெல்லாம் கொடுத்துவிடுகிற ஒரு வேள்வி செய்கிறார். தானமாகப் போகிற மாடுகளை மகன் நசிகேதன் பார்க்கிறான். கடைசித் தண்ணீர் குடித்து, கடைசிப் புல் தின்று, பால் வற்றி, இனிக் கன்று போடாத கிழட்டு மாடுகள். பையனுக்கு மனசு ஒப்பவில்லை. என்னை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்கிறான். மறுபடி கேட்கிறான். மூன்றாம் தரம் கேட்டதும் தகப்பனுக்குக் கோபம். உன்னை எமனுக்குக் கொடுத்தேன் போ என்கிறார். தனக்கு வலிக்காததைக் கொடுத்து வேள்வியை முடிக்கப் பார்த்தவர் கடைசியில் பெற்ற பிள்ளையை எமன் வாசலுக்கு அனுப்புகிறார். மூன்று இரவு சோறு தண்ணி இல்லாமல் அங்கே காத்துக்கிடந்தவனுக்கு எமனே வேள்வித் தீயைப் பற்றிக் கற்றுக்கொடுக்கிறான், எந்தச் செங்கல், எத்தனை, எப்படி அடுக்குவது என்பது வரைக்கும். அந்தத் தீக்கு நசிகேதன் பெயரே நிலைத்தது. தகப்பன் செய்த வேள்விக்கு அப்படி ஒரு பெயர் இல்லை.

சிவகாசியில் இருந்துகொண்டு இந்தக் கதையைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். மழை குறைந்த கரிசல் பூமிக்கு அது சோறு போட்டது. காய்ந்த காற்றே இங்கே முதலீடு. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசும் அச்சும் வந்தன. அந்தச் சோற்றில் வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். தொழிலைப் பழிக்க எனக்கு வாய் வராது. ஆனால் விடியுமுன் கிராமங்களுக்கு வந்து தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பஸ்களும் இதே ஊரின் கதைதான். அது உச்ச நீதிமன்றம் வரை வழக்காகப் போய், 1996 டிசம்பர் 10-ல் தீர்ப்பு வந்தது. பிள்ளைகளை வேலைக்கு வைத்தவர் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. நசிகேதன் கேட்ட கேள்வியை எங்கள் பிள்ளைகளுக்காக நீதிமன்றம் கேட்கவேண்டி வந்தது.

பட்டாசு ஆலையை எங்கள் பக்கத்தில் பயர் ஆபீஸ் என்பார்கள். வாசலிலேயே தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அறைக்குள் நுழையுமுன் தாமிரத் தகட்டில் கை வைத்து உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். வெடிமருந்து கலக்கிற அறையும் அதைச் செலுத்துகிற அறையும் தள்ளித்தள்ளி இருக்க வேண்டும். ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. கலவையை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளப் போர்மேன். குண்டத்தைச் சுற்றி எல்லை, அளவுக்குக் கரண்டி, தெற்கே உட்கார்ந்து பார்க்கிற ஒருவர் என்று வேள்வியில் உள்ளவை எல்லாமே இங்கேயும் இருக்கின்றன. வேள்விச்சாலையில் கட்டையோடு கட்டை உரசித் தீ பிறந்தால் அது மங்கலம். இங்கே மறுநாள் பேப்பரில் ‘மருந்து உராய்வு காரணமாக’ என்று ஒரு வரி வரும். உரசல் ஒன்றுதான். எல்லையும் கவனமும் இருந்தனவா என்பதில்தான் வித்தியாசம்.

தீபாவளி முடிந்து ஆலை திறக்கிற நாளில் பூஜை உண்டு. நான் போயிருந்த ஓர் ஆலையில் உள்ளே நெருப்பு ஆகாதென்பதால் காவலாளி அறைக்கும் வெளியே, ரோட்டோரத்தில் செங்கல் அடுக்கிக் கணபதி ஹோமம் நடந்தது. முதலாளியும் வீட்டம்மாவும் பட்டு உடுத்தி மனையில் இருந்தார்கள். தேசம், வருஷம், மாதம், திதி, நட்சத்திரம் எல்லாம் சொல்லிக் குடும்பத்தின் பெயர்களையும் சொல்லி, வியாபார அபிவிருத்திக்காக என்று சங்கல்பம் ஆயிற்று. அஷ்ட திரவியம், நெய், கடைசியில் பட்டுத்துணியில் முடிந்த கொப்பரை. வேலையாட்கள் வேலி ஓரமாக நின்று கும்பிட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒரு அக்கா ரட்சையை நெற்றியில் இட்டுக்கொண்டு, மிச்சத்தை முந்தானையில் முடிந்தார். “வீட்டுக்கா?” என்று கேட்டேன். “இல்ல சார், ரூம்ல நிலைப்படில பூசணும். ஐயரு நல்லா ஓதிட்டாரு. எங்க ரூம்ல நாலு பேரோட நிப்பாட்டுனா அதுவே பெரிய சாமி” என்றார். சொல்லிவிட்டுச் சாப்பாட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த அக்கா சொன்னதைவிடத் தெளிவாக எந்தச் சாஸ்திரமும் எனக்குச் சொன்னதில்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது நாற்பது பேர் வரை மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. சத்தம் கேட்டு ஓடிப்போனவர்கள். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையைப் பங்கு பங்காகப் பலருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது பிறகு வெளியே வந்தது. குத்தகை எடுத்தவருக்குப் போட்ட பணத்தை எடுக்கிற அவசரம். நாலு பேர் அறையில் எட்டுப் பேர், அறை போதாவிட்டால் மரத்தடி என்று இங்கே விதிமீறல் நடக்கிற வழி இதுதான். உரிமக்காரர் ஊரில் இருப்பார், தீயின் முன்னால் இருக்கமாட்டார். யஜமானன் உட்காராத வேள்வி என்று இதைத்தான் சொல்வேன். அதில் ஆகுதியாக விழுவது யாருடையது? கூலிக்கு வந்தவளின் உயிர். அதை எனதல்ல என்று விடுவதற்கு அவருக்கு உரிமையே கிடையாது, ஏனென்றால் அது ஒருநாளும் அவருடையதாக இருந்ததில்லை.

இதையெல்லாம் சொன்னால், அப்படியானால் ஹோமமே வீண், அந்த நெய்யை ஏழைக்கு ஊற்றலாமே என்பார்கள் சிலர். அவர்களோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. ஏழைக்குக் கொடுப்பதையும் இந்த மண் வேள்வி என்றே பார்த்திருக்கிறது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி காலத்து வேள்வியின் பெயரால் வேள்விக்குடி என்று ஒரு ஊரே செப்பேட்டில் இருக்கிறது. அதே தமிழில் வள்ளுவர் விருந்து ஓம்புவதை வேள்வி என்றார்; ஆயிரம் வேள்வி செய்வதைவிட ஓர் உயிரைப் போக்கி உண்ணாதிருப்பது நல்லது என்றும் சொன்னார். வடலூரில் 1867 மே 23-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. இவர்கள் யாரும் தீயை அணைக்கச் சொல்லவில்லை. அதில் எதை இடுவது, யாருக்காக இடுவது என்பதைத்தான் திருத்தினார்கள். தவிரவும், வாழ்வில் ஒருநாளாவது தீயின் முன் அசையாமல் உட்கார்ந்து, கையில் இருப்பதை விட்டுவிடுகிற பழக்கம் மனிதனுக்கு வேண்டும். விடாமல் பிடித்துக்கொள்வதற்குத்தான் மற்ற நாளெல்லாம் பழகுகிறோமே.

கீதையின் பதினேழாம் அத்தியாயம் தாமச யாகம் எது என்று பட்டியல் இடுகிறது. விதியை மீறியது, அன்னம் அளிக்காதது, மந்திரம் இல்லாதது, தட்சிணை கொடுக்காதது, சிரத்தை இல்லாதது. மந்திரம் மூன்றாவதாகத்தான் வருகிறது. விதி முதலில் நிற்கிறது. உழைத்தவருக்கு உரிய கூலி கொடுக்காத வேள்வியும் இருட்டுக் கணக்கிலேயே சேர்கிறது.

முதலாளிமார்களுக்கும், ஆலையைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற அண்ணாச்சிமார்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆடிப்பெருக்கு பூஜையாகட்டும், தீபாவளிக்குப் பிந்தைய ஆலை திறப்பாகட்டும், ஹோமத்தைத் தாராளமாகச் செய்யுங்கள். சங்கல்பத்தில் உங்கள் வீட்டுப் பெயர்களோடு மருந்து செலுத்துகிற அறைகளில் உட்காருகிறவர்களின் பெயர்களையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர்களை வேலி ஓரத்தில் நிறுத்தாமல் குண்டத்தைச் சுற்றி உட்காரவையுங்கள். அப்புறம் உங்களுடையது ஒன்றை, உண்மையிலேயே வலிக்கிற ஒன்றை, அவர்கள் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லி அக்னியில் விடுங்கள்: உள்குத்தகைக்கு விடமாட்டேன், ஆர்டர் எவ்வளவு நெருக்கினாலும் அறைக்கு ஐந்தாவது ஆளை உட்காரவைக்கமாட்டேன் என்று. தீபாவளிச் சீசனில் அதனால் வருகிற நஷ்டம்தான் உங்கள் ஆகுதி. போர்மேன் வேலையை நிறுத்து என்று சொன்னால் அன்றைக்கு வேலை நிற்க வேண்டும், மறுபேச்சு இல்லாமல்.