ஒரு கருவும் இருவினையும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிற் பணிபுரியும் அன்பர் ஒருவர், திருமுல்லைவாயில் மாசிலாமணியீசர் திருக்கோயிலில் யாம் நெடுநாள் கண்டு பழகியவர், சின்னாட்களுக்கு முன் எம்மை ஒருபுறம் அழைத்து ஒரு வினா எழுப்பினார். அவர்தம் மனைவியார் எட்டாந் திங்களில் இரட்டை மகவு ஈன்றனர். முற்பிறந்தது பெண், அது நலமே வளர்கின்றது. சிறிது நேரங் கழித்துப் பிறந்தது ஆண். அது மூன்றாம் நாள் விடியலில் உயிர் நீத்தது. "ஐயா, ஒரே வயிறு, ஒரே உணவு, ஒரே நாள், ஒரே நட்சத்திரம். ஒன்றை வைத்து ஒன்றை எடுத்தது எக்கணக்கு? நம் சித்தாந்தம் இதற்கு விடை கூறுமா? கூறுமாயின், அதனை என் மனைவியிடம் யான் எவ்வாறு சொல்வேன்?" என்றார். முதல் வினாவினும் ஈற்று வினாவே எம்மை வருத்திற்று. அன்று யாம் ஒன்றுங் கூறாது அவரோடு திருச்சுற்றை வலம்வந்து பிரிந்தேம். பின்னர் எண்ணியவற்றை ஈண்டு எழுதுகின்றேம்.

இரட்டைப் பிறப்பு தத்துவ நூலார்க்கு என்றும் ஒரு சோதனையாகவே இருந்துள்ளது. கிறித்தவ சமயாசாரியராகிய அகஸ்தீன் என்பார், ஏறத்தாழ 1600 ஆண்டுகட்கு முன்னர்த் தாம் இயற்றிய 'கடவுளின் நகரம்' என்னும் நூலின் ஐந்தாம் பகுதியில், ஒரே பொழுதிற் பிறந்த இருவர் வாழ்வு வேறுபடுதலைக் காட்டிக் கோள்களே வாழ்வை வகுக்கும் என்பாரை மறுத்தார். நம் திருமூலரோ திருமந்திரத்துக் கர்ப்பக்கிரியைப் பகுதியில், அபானவாயு எதிர்த்தலால் இரட்டைக் குழவி உண்டாம் என உடற்கூற்று வழியே காரணங் காட்டிப்போந்தார். கரு ஒன்றாயினும் உயிர் இரண்டு என்பதே நம்மவர் கொள்கை. பெற்றோர் உயிரைப் படைப்பதில்லை. அநாதியாயுள்ள இரண்டு ஆன்மாக்கள், தத்தம் வினைக்கு ஏற்பத் தனு கரணங்களைப் பெற்று, ஒரு வயிற்றில் ஒருங்கு தங்கின. பெறுதலும் இழத்தலும், இன்பமும் நோயும், முதுமையும் இறப்பும் ஆகிய ஆறும் கருவிலேயே அவ்வவ்வுயிர்க்கு அமையும் என்பது சித்தாந்த நூற்றுணிபு. ஆகலின், உடன் தங்கினமைபற்றி ஆயுளும் ஒத்திருத்தல் வேண்டும் என்பது இல்லை. ஒரே வண்டியில் ஏறினார் இருவருள் ஒருவர் ஆவடியில் இறங்க மற்றவர் அரக்கோணம் வரை செல்லுதல் போல்வது இது.

மருத்துவர் கூறுவதும் இதனோடு மாறுகொள்ளாது. இரட்டையர் பெரும்பாலும் 37 வாரம் நிறையுமுன்னரே பிறந்துவிடுகின்றனர். அக்காலத்து நுரையீரல் முதிர்ந்திராது. பெண்மகவினும் ஆண்மகவிற்கு அம்முதிர்ச்சி சற்றுப் பிந்தும். இரண்டாவதாகப் பிறக்கும் குழவிக்கு இடரும் மிகுதி. 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்நாட்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் மகவுகளுள் ஏறக்குறைய 20, பிறந்து 28 நாட்களுக்குள் இறந்தன. இவையெல்லாம் துணைக்காரணங்கள். வினையை உடன்பட்டார் துணைக்காரணத்தை மறுக்கவேண்டா. மருத்துவ முயற்சியை இகழவும் வேண்டா. அத்தாய் எதனை உண்டாள், எப்படியைக் கடந்தாள், எவர் கண் பட்டது என்றெல்லாம் ஆராய்வார் வாயை இச்செய்தியேனும் அடைக்கும் என்று நம்புகின்றேம்.

இனி, இக்கொள்கையை உலகினர் வழங்குமாறு காண்போம். அவ்வன்பர் இல்லத்திற்கு வந்த உறவினருள் முதியார் ஒருவர், "முற்பிறப்பில் என்ன செய்தாளோ!" என்றனராம். அற்றேல், பெற்றோர் பட்ட துன்பம் அவர்தம் பிராரத்தம் அன்றோ எனின், ஆம், அதனை யாம் மறைக்கின்றிலேம். மகவு குறைந்த ஆயுளோடு வந்தது அம்மகவின் வினை. அதனைப் பிரிந்து வருந்துவது பெற்றோர் வினை. ஆனால் வினை உண்டு என அறிதல் வேறு. இன்ன வினை எனச் சுட்டுதல் வேறு. சுட்டும் அறிவு முற்றுணர்ந்த இறைவற்கே உரியது. மேலும், வினையை நுகர்விப்பது வெகுளியால் ஒறுத்தல் அன்று, மலநோய் தீர்க்கும் மருத்துவமே என்றன்றோ நம் ஆசிரியர் கூறினர்? கைப்பு மருந்து உண்பார் அருகில் நின்று நகைப்பார் மருத்துவரைச் சார்ந்தவர் ஆகார். ஈன்ற புண் ஆறாத ஒருத்தியை அவ்வாறு சொல்லிய சொல், சொல்லியார்க்கே ஆகாமியமாய் ஏறும். சித்தாந்தங் கற்றார் இதனைச் சிறிது அஞ்சுதல் நன்று.

மற்றொரு சாரார் நல்லெண்ணத்தோடு, "ஒன்றேனும் பிழைத்ததே, அதனைக் கண்டு ஆறுக" என்பர். இதுவும் பொருந்தாது. இரண்டில் ஒன்று போக ஒன்று என்பது கணக்கு. உயிர்களிடத்து அக்கணக்குச் செல்லாது. மூன்று நாள் இருந்த குழவியும் முழு ஆன்மாவே. குழவி இறந்து பிறப்பினும், உருப்பெறாத் தசைப்பிண்டமாகப் பிறப்பினும், அதனையும் ஆளாகவே மதித்து வாளால் வடுப்படுத்தி அடக்கிய மறக்குடி வழக்கம் புறநானூற்றிற் காணப்படுகின்றது. வழக்கம் கொடிதே, எனினும் 'அதுவும் ஓர் ஆள்' என்னும் மதிப்பு அதனுள் உண்டு. இக்காலத்தில் பல் முளையாக் குழவியை நீறாக்காது மண்ணில் இட்டு, கடன்களையும் சுருக்கி, பெயரும் இன்றி விடுகின்றோம். தாய்க்கோ பால் இருவர்க்கும் சுரக்கின்றது.

திருப்புக்கொளியூர் அவிநாசியில், ஒத்த பருவத்துச் சிறுவர் இருவர் மடுவில் நீராடப் புகுந்தனர். ஒருவனை முதலை விழுங்கிற்று. பின்னர்ப் பிழைத்தவனுக்கு உபநயனம் நிகழ்ந்த நாளில், ஒரு மனையில் மங்கல ஒலியும் எதிர்மனையில் அழுகை ஒலியும் எழுந்தன. அவ்வழியே வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள் அழுகை எழுந்த மனையைப் பற்றியே வினவினர். வினைப்பயன் என்று கூறி அப்பாற் போயினரல்லர். இரட்டையரைப் பெற்றார்க்கு அவ்விரு மனையும் ஒன்றே. மகளுக்குப் பெயர்சூட்டும் நாளும் முதலாண்டு நிறைவும் வரும்போதெல்லாம் ஈரொலியும் ஒரு கூரையின்கீழ் எழும்.

அச்சுவாமிகள் வரலாற்றில் இதற்கு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. திருவொற்றியூர் எல்லையைக் கடந்து இரு கண்ணொளியும் இழந்தவர், நேரே வந்து துயர் களையுமாறு பாடியது இத்திருமுல்லைவாயிலிலே. ஈண்டு ஒளி கிடைத்திலது. காஞ்சியில் இடக்கண் பெற்றனர். பெற்றதற்கு மகிழ்ந்து பாடினர். ஆயினும் மற்றொரு கண்ணை மறந்திலர், திருவாரூர் வரை அதனை வேண்டிக்கொண்டே சென்றனர். ஒரு கண் பெற்றவன் மற்றதற்கு அழுவது நன்றியின்மை என்று இறைவன் வெகுண்டதாகச் சேக்கிழார் கூறவில்லை. மகிழ்ச்சியும் குறையும் ஒரு நெஞ்சில் ஒருங்கு நின்றன, அவ்வளவே. அவர்க்குப் பின் மற்றதும் கிடைத்தது. இவ்வன்பர்க்கு இப்பிறப்பில் அது கிடையாது என்பதையும் யாம் உணர்ந்தே எழுதுகின்றேம். இறப்பு உயிர்க்கு இளைப்பாற்றுதல் என நூல்கள் கூறும் உண்மை அவர்க்குப் பயன்படும் நாளும் ஒன்று வரும். அது புதைத்து மீண்ட நாள் அன்று.

தொண்டைமான் வாள் பட்ட தழும்பைத் தாங்கிய திருமேனிக்கு இத்தலத்தில் என்றும் சந்தனக்காப்பு உண்டு. சித்திரைச் சதயத்தில் அதனைக் களைந்து புதிதாகச் சாத்துவர். சென்ற சதயத்தன்று அன்பரும் அவர் மனைவியாரும் மகளை இடுப்பில் ஏந்தி வந்திருந்தனர். மனைவியாரிடம் என்ன சொன்னீர் என யாம் கேட்டிலேம். அருச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்கப்பட்டபோது, அவ்வம்மையார் மகள் பெயரைச் சொல்லி, சற்று நின்று, "மாசிலாமணி" என்று இன்னொரு பெயரும் சொன்னார். "நட்சத்திரம்?" என்றனர். "அதேதான்" என்றார்.