பத்து நொடிச் சாவி

வானிலிருந்து இறங்கும் அலை கூரை பார்த்து விழுவதில்லை. சந்தா கட்டியவர் டிஷ்ஷிலும் விழுகிறது, கட்டாதவர் டிஷ்ஷிலும் விழுகிறது. ஐரோப்பாவில் செயற்கைக்கோள் டிவி கார்டைப் பகிர்ந்து பார்ப்பவர்கள் தம் நியாயத்தை இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்: தானாக வந்து விழுந்ததை எடுப்பது திருட்டா?

விழுவது பூட்டிய படம். அதைத் திறக்கும் சாவி ஏறக்குறைய பத்து நொடிக்கு ஒருமுறை மாறுகிறது. சந்தாதாரரின் ஸ்மார்ட் கார்டு ஒவ்வொரு முறையும் புதுச் சாவியைக் கண்டெடுத்துத் தருகிறது. கார்டு பகிர்வில் அந்தச் சாவி மட்டும் இணையம் வழியே அடுத்தவர் செட்டாப் பாக்ஸுக்குப் போகிறது. சில பைட்டுகள்தான், ஒரே கார்டில் பல வீடுகள் திறந்துகொள்கின்றன. ஆக, அலை பொதுவாக விழுந்தாலும் சாவி ஒருவர் பெயரில் வாங்கியது.

மலிவாகப் பார்ப்பதே தவறு என்றும் சொல்லிவிட முடியாது. போர்ட்ஸ்மத்தில் பப் நடத்திய கேரன் மர்ஃபி, உள்ளூர்ச் சந்தா கட்டுப்படியாகாமல் கிரேக்க நிறுவனத்தின் கார்டை வைத்து பிரீமியர் லீக் ஆட்டங்களைக் காட்டினார். தண்டிக்கப்பட்டார். வெளிநாட்டுக் கார்டைத் தடுக்கும் உள்நாட்டுச் சட்டம் செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011 அக்டோபரில் சொன்னது. மறு ஆண்டு தண்டனை ரத்தானது. (பப்பில் காட்டும்போது லீக்கின் பாட்டுக்கும் கிராஃபிக்ஸுக்கும் அனுமதி வேண்டும் என்று அதே தீர்ப்பு ஒரு முள்ளையும் விட்டுவைத்தது.) கிரேக்கக் கார்டுக்கு அவர் காசு கொடுத்திருந்தார். பகிர்வுச் சாவி விற்பவரின் வாடிக்கையாளரும் மாதாமாதம் காசு கொடுக்கிறார். ஆனால் கம்பெனி கொள்ளையடிக்கிறது என்று கோபப்படுகிற அவர், ஆட்டத்துக்கும் படத்துக்கும் ஒரு சம்பந்தமுமில்லாத ஒருவருக்குக் கப்பம் கட்டுகிறார். அந்த ஆள் பிடிபடும் நாளில் வாடிக்கையாளரின் இணைய முகவரியும் பணம் போன தடமும் விற்றவரின் கணினியிலேயே இருக்கும்.

பிரிட்டனின் 1988 பதிப்புரிமைச் சட்டம் விற்பவரையும் பார்ப்பவரையும் ஒரே தராசில் வைக்கவில்லை. அனுமதியற்ற டிகோடர் விற்பவருக்கு 10 ஆண்டு வரை சிறை. கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கில் நேர்மையின்றிப் பார்ப்பவருக்கு அபராதம். ‘நேர்மையின்றி’ என்ற அறச்சொல்லைச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது. சந்தா கட்டிய ஒருவர், படுக்கையறையிலுள்ள இரண்டாவது டிவிக்கு அதே சாவியை அனுப்பினால் அந்தச் சொல் அவர்மேல் அவ்வளவு எளிதில் ஒட்டாது. ஒரு பைசா வாங்காமல் பக்கத்துத் தெரு அண்ணன் வீட்டுக்கும் அனுப்பினால்? அண்ணன் இன்னொரு சந்தா கட்டியிருக்க வேண்டியவர். அது இருவருக்குமே தெரியும்.