வாயில் சுமக்கும் தகப்பன்

கடல்மீனை வீட்டுத் தொட்டியில் உயிரோடு வைத்திருப்பது ஒரு வேலை. அதைக் குஞ்சு பொரிக்க வைப்பது வேறு வேலை. பவளப்பாறை மீன்களில் பலவும் பொடி முட்டைகளை நீரோட்டத்தில் விட்டுவிட்டுப் போய்விடும். தொட்டியிலோ அந்த நுண்குஞ்சுகளை வடிகட்டி இழுத்துக்கொள்ளும்; தப்பியவற்றின் வாய்க்கேற்ற தீனி கிடைப்பதும் அரிது.

இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளுக்கே உரிய பங்காய் கார்டினல் மீன் இதற்கு விலக்கு. பெண் இடும் முட்டைகளை ஆண் தன் வாயில் வாங்கிக்கொள்கிறது. பொரிந்த பின்னும் குஞ்சுகளை உடனே வெளியே விடுவதில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் இரை எடுக்காமல் சுமக்கிறது. வெளியே வரும் குஞ்சு அப்படியே பெற்றோரின் சிற்றுருவம். அப்போதுதான் பொரிந்த ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் நுண்ணிறாலை உடனே தின்னத் தொடங்கிவிடும். கடலில் அது கடல்முள்ளெலியின் நீண்ட முட்களுக்கிடையே ஒளிந்து வளரும். தொட்டியில் மற்ற மீன்கள் விழுங்கிவிடும் என்பதால், சுமக்கும் ஆணை முன்கூட்டியே மெதுவாகத் தனித்தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

நீரோட்டத்தோடு பரவும் பருவம் இல்லாததால்தான் இதன் உலகம் அந்தச் சில தீவுகளோடு சுருங்கியிருக்கிறது. 1990களில் அழகுமீன் வணிகம் அங்கே வலைவீசியது. 2007இல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் இது சேர்ந்தது. வீட்டிலேயே பெருகக்கூடிய மீனை இன்னமும் கடலிலிருந்து அள்ளுவது எனக்குப் பொறுக்கவில்லை. கடைக்காரரிடம் விலைக்கு முன் கேளுங்கள்: இது கடலில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா?